சதை தானாக ஆடாது, நடுவர் ஐயா

நடுவர் ஐயாவுக்கும், இந்தத் தை மாதப் பனியில் காதுவரை துண்டைச் சுற்றிக்கொண்டு கலையாமல் உட்கார்ந்திருக்கும் பாலக்கோட்டுப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம். முன் வரிசையில் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு உருப்படிகள் என்னுடையவை. அவர்களுக்கும் வணக்கம். கொஞ்ச நேரம் அசையாமல் இருங்கள்.

எதிரணியில் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கும் தம்பி கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாராம். நான் அங்கன்வாடியில் யானை, பூனை சொல்லிக்கொடுக்கிறேன். ஆக இரண்டு பேரும் ஒரே துறை.

உடன்பிறப்புப் பாசம் பிறப்பிலேயே வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா என்பது தலைப்பு. தம்பி பிறப்பு என்றார். 'தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்' என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நீங்கள் கை தட்டினீர்கள், நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சரி, 'அஞ்சு வயசுல அண்ணன் தம்பி, பத்து வயசுல பங்காளி' என்பதும் நம் பழமொழிதானே? அதற்கும் கை தட்டுவீர்களா? வாலி, சுக்ரீவனையெல்லாம் நான் இழுக்கப்போவதில்லை. பட்டிமன்றத்தில் அது தேய்ந்துபோன காசு. என் வீட்டுத் திண்ணையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பையனுக்கு மூன்றரை வயது இருக்கும்போது எனக்கு இரண்டாவது பிரசவம். வயிற்றில் இருந்த அத்தனை மாதமும் அவனிடம் நாங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: 'உன்கூட விளையாட பாப்பா வருது.' அவன் அதை முழுதாக நம்பினான். தெருவில் உருட்டி விளையாட அவனிடம் ஒரு பழைய சைக்கிள் டயர் உண்டு. பாப்பாவுக்கென்று இன்னொரு டயரும் ஒரு குச்சியும் தேடிப் பிடித்துத் திண்ணை மூலையில் சாத்தி வைத்திருந்தான். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் கொண்டுவந்து இறக்கியது என்ன? பழைய வேட்டித் துணியில் சுற்றிய, கத்துகிற ஒரு மூட்டை. அவன் ஓடிப்போய் அந்த டயரை எடுத்துவந்து தூளிக்குக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அப்புறம் டயரைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அடுத்த நாளிலிருந்து அவன் காதில் விழுந்ததெல்லாம் 'தே'தான். தொடாதே, ஓடாதே, கத்தாதே, கை கழுவாமல் கிட்டே வராதே. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பாப்பாவுக்குச் சட்டையும் பவுடர் டப்பாவும் கொண்டுவந்தார்கள். அவனுக்கு என்ன கொண்டுவந்தார்கள் தெரியுமா? 'இனிமே உன் சீட்டு கிழிஞ்சதுடா' என்ற கிண்டல். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் மூன்றரை வயதில் விளையாட்டு எது, நிஜம் எது என்று யாருக்குத் தெரியும்?

விட்டுப்போன பழக்கமெல்லாம் திரும்பி வந்தது. ராத்திரி பாயை நனைத்தான். எனக்கும் புட்டியில் பால் கொடு என்றான். ஒரு மத்தியானம் நான் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்துப் பாப்பாவின் உள்ளங்காலைக் கிள்ளிவிட்டான். நான் எழுந்து வந்து முதுகில் ஒன்று வைத்தேன். பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அவன் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தம்பி, அவனும் அவளும் ஒரே சதைதானே? அப்போது ஏன் ஆடவில்லை?

ஆட வைத்தவர் என் மாமியார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் பாப்பாவைப் போட்டுக்கொண்டு குளிப்பாட்ட உட்கார்ந்தவர் ஒருநாள் கூப்பிட்டார். 'டேய், இங்க வா. ஆயாவுக்குக் கை மரத்துப்போச்சு, தண்ணி சூடு தெரியல. நீ பாத்துச் சொல்லு.' முழங்கையை அண்டாவில் விடச் சொன்னார். விட்டான். 'சுடுது.' 'அப்ப ஒரு சொம்பு பச்சத் தண்ணி ஊத்து.' ஊற்றினான். மறுபடி முழங்கை. 'இப்ப?' 'இப்ப சரியா இருக்குது.' 'நீ சொன்னாத்தான் நான் ஊத்துவேன், பாத்துக்க.'

அவர் கை ஒன்றும் மரக்கவில்லை, ஐயா. கேழ்வரகு மாவில் குறுமணல் இருந்தால் இரண்டு விரலால் தடவியே சொல்கிற கை அது. அவன் அந்தப் பக்கம் திரும்பும்போது தானும் ஒரு விரல் விட்டுப் பார்த்துக்கொள்வார், அது வேறு விஷயம். மூன்றாம் நாள் என் மகன் தெருவில் அறிவிப்பே செய்துகொண்டிருந்தான்: 'எங்க பாப்பாவுக்குச் சூடு ஆவாது. நான்தான் தண்ணி பாக்கறேன்.'

'எங்க பாப்பா.' அதுவரைக்கும் அவனுக்கு அது 'அது'தான். அன்றைக்குக் குழந்தை பிறந்து இருபத்து மூன்றாம் நாள். பாசம் பிறப்பிலேயே வருகிறது என்றால், இந்த இருபத்து மூன்று நாள் அது எந்த பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது?

அதோடு விடவில்லை என் மாமியார். யாராவது குழந்தையைப் பார்க்க வந்தால் வாசலிலேயே நிறுத்தி, 'அவனைக் கேளுங்க, அவன்தான் காட்டுவான்' என்பார். இவன் பெரிய மனிதனாட்டம் தூளிச் சேலையை விலக்கி, 'சத்தம் போடாதீங்க, தூங்குது' என்பான். 'தே' இப்போது அவன் வாய்க்குப் போய்விட்டது. வந்தவர்கள் பிஸ்கட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் பாப்பாவைப் பார்த்தார்கள்.

இதை நான் மாமியார் கைவைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு படித்துப் பார்த்தால், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் என்ற இரண்டு பெண்கள் இதையே ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள். 40 குடும்பங்கள். இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்து, பிறந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். பிறந்த சில வாரத்திலேயே, 'பாப்பா ஏன் அழுவுது? பசிக்குதோ? என்ன பண்ணலாம்?' என்று மூத்த பிள்ளையிடம் யோசனை கேட்டுப் பேசிய வீடுகளில், ஒரு வருடம் கழித்து இரண்டும் அதிகமாக ஒட்டிக்கொண்டிருந்தன. கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்ததை என் மாமியார் அண்டாவில் கண்டுபிடித்தார்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தையை ஞாபகப்படுத்துகிறேன். சவலை. 'சவலப் புள்ள' என்று நம் ஆயாக்கள் சொல்வார்களே, அடுத்தது வந்துவிட்டதால் தாய்ப்பால் நின்று வாடிப்போகிற பிள்ளை. சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் இன்றைய கானா நாட்டில் வேலை பார்த்தபோது, உடம்பு ஊதி, தலைமுடி நிறம் மாறிய பிள்ளைகளைப் பார்த்தார். அந்த ஊர்ப் பெண்கள் அந்த நோய்க்கு வைத்திருந்த பெயரையே 1935-ல் மருத்துவ உலகுக்குக் கொடுத்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் முந்தியதற்கு வருகிற நோய் என்று அர்த்தம். எங்கோ ஆப்பிரிக்காவில் ஒரு தாய்க்கும் நம் பென்னாகரத்துத் தாய்க்கும் ஒரே விஷயத்துக்குத் தனித்தனிச் சொல் இருக்கிறது. எங்கள் மையத்தில் எடை போடும்போது நான் பார்க்கிறேன். வீட்டில் தம்பியோ தங்கையோ வந்த மாதம் பெரியதன் எடைக் கோடு ஏறாமல் அப்படியே நிற்கும். சோறு குறைந்ததா, மனசு குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் 'பாசம் தானாக வரும்' என்று சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்தால், அந்தப் பெரியதை யார் பார்ப்பது?

விலங்கியல் தம்பி மரபணுக் கணக்கு சொன்னார். கூடப்பிறந்தவர்களுக்குள் சராசரியாகப் பாதி மரபணு ஒன்று. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தூளியை எட்டிப் பார்க்கிற பிள்ளை மரபணுவையா பார்க்கிறது? அமெரிக்காவில் மூன்று பேர் செய்த ஒரு ஆய்வு 2007-ல் வெளியானது. யார் நம் உடன்பிறப்பு என்று மனசு எதை வைத்து முடிவு செய்கிறது என்பதுதான் கேள்வி. அவர்கள் கண்டது இரண்டு சாட்சி. ஒன்று, பிறந்த குழந்தையைத் தன் தாய் மடியில் வைத்து வளர்ப்பதைக் கண்ணால் பார்ப்பது. இன்னொன்று, ஒரே வீட்டில் கூட வளர்ந்த வருடங்கள். மூத்தவனுக்கு முதல் சாட்சி கிடைக்கும். இளையவளுக்கு அது கிடையாது, அவன் பிறந்ததை அவள் எங்கே பார்த்தாள்? அவளுக்குக் கூட வளர்ந்த கணக்கு மட்டும்தான். ஆக, ரத்தத்தைக் கண்டுபிடிக்கவே மனசு வளர்ப்பைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறது, தம்பி.

இங்கே தக்காளி போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாற்று நல்ல ரகம்தான், நானே சொல்கிறேன். குச்சி நட்டுக் கயிறு கட்டாமல் விட்டுப் பாருங்கள். காய் மண்ணில் கிடந்து அழுகும். அப்போது ரகத்தைச் சொல்லி மார்க்கெட்டில் விலை கேட்க முடியுமா?

அதியமான் ஆண்ட தகடூர் மண் இது. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் கொடுத்தானே, வாங்கிக்கொண்ட ஔவை அவனுக்கு என்ன, ஒரு வயிற்றுப் பிள்ளையா?

இனி சொல்லப்போவதைச் சிரிப்பில்லாமல் சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு 'சதை ஆடும்' என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. 1992-ல் சேலத்தில், வேண்டாமென்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசு வாங்கிக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தார்கள். பிறகு அது நம் தர்மபுரிக்கும் வந்தது. எதற்காக வந்தது என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூத்தது பெண், இரண்டாவதும் பெண் என்றால் சில வீடுகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். சதை தானாக ஆடியிருந்தால் அரசாங்கம் தொட்டில் ஆட்ட வேண்டி வந்திருக்குமா?

இப்போது காலம் மாறியிருக்கிறது. இரண்டு பெண் குழந்தைகள் மட்டும் உள்ள தகுதியான ஏழை வீட்டுக்கு, ஆளுக்கு 25,000 ரூபாய் அரசு வைப்புத்தொகை போடுகிறது. பணம் வந்துவிட்டது, வாய் இன்னும் மாறவில்லை. ஒரு வீட்டுக்குப் பிரசவம் விசாரிக்கப் போயிருந்தேன். வருகிறவர்கள் எல்லாரும் 'மறுபடியும் பொண்ணா?' என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்காருகிறார்கள். பக்கத்தில் அந்த வீட்டு மூத்த பெண், ஐந்து வயது, என் மையத்துக்கு வருகிற பிள்ளை, நின்றுகொண்டிருந்தாள். என் சேலையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்: 'டீச்சர், பாப்பா தப்பாப் பொறந்துடுச்சு.' யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. எல்லாரும். பாசத்தை வளர்க்க முடியும் என்பதற்கு என் வீடு சாட்சி என்றால், அதை முளையிலேயே கிள்ள முடியும் என்பதற்கு அந்த வீடு சாட்சி. அந்தப் பெண்ணிடம் நான் ஆராய்ச்சியெல்லாம் பேசவில்லை. 'பாப்பாவுக்கு உன் மூக்குடி' என்றேன். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் போய்ப் பாப்பாவின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

முதல் நாளிலேயே தங்கையை மடியில் வாங்கிக் கொஞ்சுகிற பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. என் தங்கை மகள் அப்படித்தான். ஆனால் அவள் அம்மா வயிற்றோடு பேசிப் பேசி, அசைவைத் தொட்டுப் பார்த்து, ஆறு மாதம் முன்பே அக்காவாகிவிட்டவள்.

கடைசியாக நம் ஊர்க் கதை ஒன்று. 1965-ல் சேலம் பெற்ற பிள்ளை தர்மபுரி. 2004-ல் பிரிந்து போன தங்கை கிருஷ்ணகிரி. அக்காவுக்கு 38 வயதில் தங்கச்சி! மாவட்டம் பிரிந்தபோது கிருஷ்ணகிரி அணையும் மாங்கூழ் ஆலைகளும் தங்கச்சி பக்கம் போனதில் இங்கே சிலருக்கு மனக்குறைதான். ஒகேனக்கல் எங்களுக்கு என்று நாமும் மார்தட்டினோம். ஆனால் இரண்டு மாவட்டத்துக்கும் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு, இரண்டிலும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. இன்றைக்கு அந்த ஒகேனக்கல் தண்ணீரை இரண்டு பேரும் குடிக்கிறோம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் காவிரி தானாக மேடு ஏறி வந்ததா? மலையைத் தாண்டிக் குழாய் போட்டு, மோட்டார் வைத்து ஏற்றினார்கள். என் மாமியார் அண்டா முன்னால் உட்கார்ந்து செய்ததும் குழாய் போடுகிற வேலைதான்.

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. இன்னும் இரண்டு பாயிண்ட் வைத்திருந்தேன், பரவாயில்லை. அங்கே முன் வரிசையைப் பாருங்கள், போர்வை சண்டை ஆரம்பித்துவிட்டது. அவன் தன் பக்கத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அவள் காலை மட்டும் கிள்ளிக்கொண்டிருக்கிறான். டேய், நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வணக்கம்.