ஒருவர் அடிபட்டால் எத்தனை பேர் இடம் மாறுகிறார்கள்? ஸ்குவாட் டெப்த் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே பேசுகிறேன்

வணக்கம் மக்களே, வணக்கம். இன்றைக்கு வழக்கமான வாராந்திர ரவுண்டப் வர வேண்டியது. அதை நாளைக்குத் தள்ளிவிட்டேன். நேற்று ராத்திரி கால்பந்து மேட்ச் முடிந்த கையோடு டிவியில் ஒரு விவாதம் பார்த்தேன். நாலு பேர் உட்கார்ந்து ஸ்குவாட் டெப்த் பற்றி, அதாவது ஆடுகிற பதினோரு பேரில் ஒருவர் இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வர ஒரு கிளப்பிடம் ஆள் இருக்கிறதா என்பது பற்றிப் பேசினார்கள். திரையில் இடது பக்கம் பதினோரு பெயர், வலது பக்கம் பதினோரு பெயர். இவர்களிடம் இரண்டு டீம் இருக்கிறது, அவர்களிடம் ஒன்றரை டீம்தான் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவ்வளவுதானா? இதற்கா நாலு பேர்? தூங்கி எழுந்த பிறகும் எரிச்சல் போகவில்லை, அதனால்தான் இந்த வீடியோ.

அந்த இரண்டு பத்திப் பட்டியலை எனக்கு எவ்வளவு பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். சீசன் தொடக்கத்து வீடியோக்களில் கறுப்பு நோட்டை எடுத்துக் காட்டும்போதெல்லாம் புலம்பியிருக்கிறேன். இடது பக்கம் தடுத்து ஆடுகிற லெஃப்ட் பேக்குக்கு நேராக இன்னொரு லெஃப்ட் பேக், கோல் போடுகிற ஸ்ட்ரைக்கருக்கு நேராக இன்னொரு ஸ்ட்ரைக்கர். மேட்ச் அப்படியா நடக்கிறது? ஒருவர் அடிபட்டால் அவர் இடத்துக்குப் பெரும்பாலும் வேறு ஒரு இடத்தில் ஆடிக்கொண்டிருப்பவர் நகர்கிறார். அவர் விட்டுப்போன இடம் காலி. அந்தக் காலி இடத்துக்கு இன்னொருவர். பட்டியலில் இந்த நகர்வு தெரியவே தெரியாது.

அதனால் நோட்டில் மூன்றாவது பத்தி போட்டிருக்கிறேன். இருங்கள், கேமரா கிட்டே கொண்டுவருகிறேன். இதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்தை நிமிர்த்தி வைத்து எழுதினால் மூன்று பத்தி கொள்ளவே கொள்ளாது. அலெக்சாண்டர்-ஆர்னால்ட் என்று ஒரு பெயர் எழுதினால் பாதிப் பக்கம் போய்விடுகிறது. எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன், எனக்கே படிக்க முடியவில்லை. முதல் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன், யார் யார் என்று குழம்பிவிட்டது. கடைசியில் நோட்டைப் படுக்க வைத்தேன். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே பக்கமாக்கி, நடுவில் தையல் வருகிற இடத்தை இரண்டாவது பத்தியின் கோடாக வைத்துக்கொண்டேன். முதல் பத்தி, ஆடுகிறவர். இரண்டாவது, அவர் இல்லாவிட்டால் வருகிறவர். மூன்றாவது, வருகிறவர் எங்கிருந்து வருகிறார், அங்கே என்ன ஓட்டை விழுகிறது. சிவப்பு அம்புக்குறி வந்தால் ஆபத்து. பாருங்கள், எவ்வளவு தெளிவாக இருக்கிறது! இந்தப் பக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சரி, இதை வைத்து நான் முதலில் போட்டுப் பார்த்தது 2020-21 லிவர்பூல். நம் ஆட்கள்தான், நமக்கு வலிக்கிற சீசன்தான், ஆனால் டெப்த் பற்றிப் பேச அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. 2020 கோடையில் சென்டர் பேக், அதாவது பின்னால் நடுவில் நின்று தடுக்கிற லவ்ரனை ஸெனிட்டுக்கு விற்றார்கள். அவர் இடத்துக்கு யாரையும் வாங்கவில்லை. மிச்சம் வான் டைக், கோமஸ், மாட்டிப். நாலாவது ஆள் மிட்ஃபீல்டர் ஃபபின்யோ என்று கணக்கு. அக்டோபரில் எவர்ட்டனுடன் ஆடும்போது வான் டைக் முழங்கால் போனது. நவம்பரில் இங்கிலாந்து பயிற்சியில் கோமஸ். ஜனவரிக் கடைசியில் மாட்டிப்.

இப்போது மூன்றாவது பத்தியைப் பாருங்கள். ஃபபின்யோ பின்னால் போனார், மிட்ஃபீல்டில் ஓட்டை. மிட்ஃபீல்டர் ஹெண்டர்சனும் பின்னால் போனார், இன்னொரு ஓட்டை. அடிபட்டது சென்டர் பேக்குகள், ஆனால் உடைந்தது மிட்ஃபீல்ட். பந்தை எதிரணிப் பக்கத்திலேயே பறித்து முன்னால் நிற்கிற சாலாவுக்கும் மானேவுக்கும் கொடுக்கிற வேலையை யார் செய்வது? அந்த சீசனில் நம் மைதானமான ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் மேட்ச் தோற்றோம். பர்ன்லி, பிரைட்டன், சிட்டி, எவர்ட்டன், செல்சி, ஃபுல்ஹாம். கிளப் வரலாற்றிலேயே அப்படி நடந்தது கிடையாது. அதற்கு முன்னால் சொந்த மைதானத்தில் 68 லீக் மேட்ச் தோற்காமல் இருந்த டீம் அது.

அப்புறம் என்ன நடந்தது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஃபுல்ஹாமிடம் தோற்ற அதே வாரம், மார்ச் 10, சாம்பியன்ஸ் லீகில் லைப்சிக்குடன் ஆட்டம். நம் மேனேஜர் கிளாப் ஃபபின்யோவை மறுபடி மிட்ஃபீல்டுக்குக் கொண்டுவந்தார். பின்னால் நாட் ஃபிலிப்ஸும் கபாக்கும். ஃபிலிப்ஸை ஞாபகம் இருக்கிறதா? போல்ட்டன்காரர், தலையால் முட்டுவதில் மன்னன், வேகம் கிடையாது, பந்தைக் காலில் வைத்துக்கொண்டு முன்னேறுகிற ரகமும் கிடையாது. கால்பந்துத் திறமை என்று பார்த்தால் ஃபபின்யோ எங்கே, அவர் எங்கே. ஆனால் அவர் சென்டர் பேக். முன்னால் ஃபபின்யோ நின்றதும் அவருக்கு வந்த வேலை அவரால் செய்யக்கூடிய வேலையாக மாறிவிட்டது. அதற்குப் பிறகு கடைசி பத்து லீக் மேட்சில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. எட்டு வெற்றி, இரண்டு டிரா. மூன்றாவது இடம், சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு. பர்ன்லிக்கு எதிராக 3-0 ஜெயித்த மேட்சில் ஃபிலிப்ஸ் ஒரு கோல் போட்டார், கோல் கோட்டிலிருந்து ஒரு பந்தைத் தலையால் முட்டித் தள்ளினார். எனக்கு அந்த மேட்ச் இன்றைக்கும் சிலிர்க்கும். அதற்கு முந்தைய மேட்சில் அலிசன் 95-ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிப் போட்ட கோலைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அது வேறு சிலிர்ப்பு.

நான் சொல்ல வருவது புரிகிறதா? பெரிய ஆட்டக்காரரை வேறு இடத்தில் நிறுத்துவதைவிட, அந்த இடத்துக்கே பழகிய சுமாரான ஆள் மேல். "எங்கே வேண்டுமானாலும் ஆடுவார்" என்று சொல்லி ஒரு ஆளை மூன்று இடத்துக்குக் கணக்குக் காட்டுகிறார்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. அவர் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தானே நிற்பார்?

ஆ, முக்கியமானதை விட்டுவிட்டுப் போகிறேன் பாருங்கள். பென் டேவிஸ்! டாட்டன்ஹாமில் இருந்த வேல்ஸ் பென் டேவிஸ் வேறு, இவர் பிரெஸ்டனில் இருந்தவர். 2021 பிப்ரவரி 1, ஆட்களை வாங்கவும் விற்கவும் அனுமதிக்கிற விண்டோ மூடுகிற கடைசி நாள். சென்டர் பேக் இல்லாமல் மாதக்கணக்கில் தவித்த கிளப், அன்றைக்கு இரண்டு பேரைக் கொண்டுவந்தது. ஷால்கேவிலிருந்து கபாக் லோனில், அதாவது இரவலாக, பிரெஸ்டனிலிருந்து இவர். முதலில் கொடுத்தது 5 லட்சம் பவுண்ட், நிபந்தனைத் தொகை தனி. ப்ரீமியர் லீக் சாம்பியன் வாங்குகிற சென்டர் பேக்குக்கு 5 லட்சம்! அவர் லிவர்பூலுக்காக ஒரே ஒரு போட்டி மேட்ச்கூட ஆடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார், அடுத்த சீசன் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு லோன், 2022-இல் ரேஞ்சர்ஸுக்கு விற்றார்கள். வாங்கியதைவிட அதிக விலைக்கு! ஒரு நிமிடம்கூட ஆடாதவரை லாபத்துக்கு விற்றார்கள். அந்த டீலில் செப் வான் டென் பெர்க் என்ற சின்னப் பையனை பிரெஸ்டனுக்கு லோனில் கொடுத்தார்கள், அவருக்கு அங்கே நன்றாக ஆடக் கிடைத்தது, பிறகு பிரென்ட்ஃபர்டுக்கு விலைபோனார். கணக்குப் புத்தகத்தில் அருமையான வியாபாரம். ஆனால் பிப்ரவரியில் எங்களுக்கு வேண்டியது ஒரு சென்டர் பேக். கடைசி நாள் கொள்முதல் என்றாலே எனக்கு ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அதைவிடக் கொடுமை, 2025 கோடையில் அதே கதை. சென்டர் பேக் குவான்சாவை லெவர்குசனுக்கு விற்றார்கள். லியோனி என்ற 18 வயதுப் பையன் வந்தார், தன் முதல் மேட்சிலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. இன்னொரு சென்டர் பேக் கேஹியை வாங்குவது செப்டம்பர் 1, கடைசி நாளில் கைகூடாமல் போனது. அதே விண்டோவில் ஸ்ட்ரைக்கர் இசாக்குக்கு சுமார் 12.5 கோடி பவுண்ட் கொடுத்தார்கள். நவம்பரில் ஆன்ஃபீல்டில் ஃபாரஸ்டிடம் 3-0, நாலே நாளில் பி.எஸ்.வி.யிடம் 4-1. முன்னால் கோடிகளைக் கொட்டிவிட்டுப் பின்னால் அம்புக்குறியோடு ஆடினால் வேறு என்ன நடக்கும்?

இங்கேதான் நிர்வாகம் வருகிறது. நேற்றைய விவாதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது பத்தியில் யார் பெயர் வரவேண்டும் என்று எழுதுவது யார்? கோச்சா, ஸ்போர்ட்டிங் டைரக்டரா, ஓனரா? அந்த 2021 ஜனவரியில் வாங்குகிற முடிவு தன் கையில் இல்லை என்று கிளாப் வெளிப்படையாகவே சொன்னார். அதே அமைப்புதான் 2017-இல் அவர் பிராண்ட் என்ற ஆட்டக்காரரைக் கேட்டபோது சாலாவை எடுங்கள் என்று வற்புறுத்தி ஜெயித்தது. அதனால் டைரக்டர் வேண்டாம், எல்லாம் மேனேஜரிடமே இருக்கட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்போது ஸ்போர்ட்டிங் டைரக்டராக இருந்த எட்வர்ட்ஸை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மேனேஜர் ஒருவரே எல்லாம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு மான்செஸ்டர் யுனைடெட் இருக்கிறது. 2013-இல் மேனேஜர் ஃபெர்குசனும் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் ஒரே கோடையில் போனார்கள். கால்பந்து முடிவெடுக்கத் தெரிந்த இரண்டு தலைகள் ஒன்றாகப் போய்விட்டன. அங்கே ஃபுட்பால் டைரக்டர் என்ற பதவிக்கு ஆள் வந்ததே 2021-இல்தான். நடுவில் வந்த ஒவ்வொரு மேனேஜரும் தன் பாணிக்கு ஆள் கேட்டார், அவர் போனதும் அந்த ஆட்கள் அடுத்தவருக்குச் சுமை. மேனேஜர் டென் ஹாக் டீமை 4-2-3-1 என்ற அமைப்பில் நிறுத்தினார், சுமார் 8 கோடி பவுண்டுக்கு ஆன்டனி என்ற விங்கர் வந்தார். 2024 நவம்பரில் அமோரிம் வந்தார், 3-4-2-1. அந்த அமைப்பில் கோட்டை ஒட்டி நிற்கிற விங்கருக்கு இடமே இல்லை. அங்கே விங் பேக் முன்னும் பின்னும் ஓட வேண்டும், உள்ளே இரண்டு பேர் பத்தாம் எண் போல, அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று, ஆட வேண்டும். ஆன்டனி, கர்னாச்சோ, ராஷ்ஃபர்ட், சான்சோ, நாலு பேரும் 2025 கோடையில் வேறு கிளப்புகளுக்குப் போனார்கள். பெயர்ப் பட்டியலில் அந்த டீமுக்கு விங்கில் நல்ல டெப்த். அமோரிமின் டீமில் அது பூஜ்யம். அந்த சீசன் 15-ஆவது இடத்தில் முடிந்தது. யுனைடெட் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்காகவும்தான் கோபப்படுகிறேன்.

எனக்குப் பொறாமையாக இருப்பது பிரைட்டனைப் பார்த்தால்தான். ஒருவரை விற்பதற்கு முன்பே அடுத்தவர் வீட்டுக்குள் வந்துவிடுகிறார். மிட்ஃபீல்டர் பிசூமா 2022 கோடையில் போனார், அவர் இடத்துக்கு கைசேதோ 2021-இலேயே வாங்கப்பட்டு பெல்ஜியத்துக்கு லோனில் போய்த் திரும்பியிருந்தார். 2023 ஜனவரியில் விங்கர் ட்ரொசார்ட் ஆர்சனலுக்குப் போனார், மிட்டோமாவும் அதே போல பெல்ஜியத்தில் பழகிவிட்டு வந்து ஆடிக்கொண்டிருந்தார். 2022 செப்டம்பரில் கோச் பாட்டரே செல்சிக்குப் போய்விட்டார், அதே மாதம் டி ஸெர்பி வந்தார். அந்த சீசனில் ஆறாவது இடம், முதல் முறையாக ஐரோப்பியப் போட்டி. என் நோட்டில் அவர்கள் பக்கத்தில் சிவப்பு மை மிகக் குறைவு. கோச் இடத்துக்கும் இரண்டாவது பத்தி வைத்திருக்கிற கிளப் அது!

சின்ன டீமே போதும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறீர்கள். 1980-81-இல் ஆஸ்டன் வில்லா மொத்த சீசனுக்கும் 14 பேரை மட்டும் வைத்து 42 மேட்ச் ஆடி சாம்பியன் ஆனது. அற்புதம்தான், ஆனால் அன்றைக்கு லீகில் ஒரே ஒரு சப்ஸ்டிட்யூட்தான். இப்போது ஐந்து பேரை மாற்றலாம், ப்ரீமியர் லீகில் 2022-23-இலிருந்து. கோல் கீப்பரை விட்டால் களத்தில் நிற்கிற பத்துப் பேரில் பாதி அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு புதிதாக இருக்கலாம். பெஞ்சில் இருப்பவர் இன்று அவசரத்துக்கு வருகிறவர் கிடையாது, ஆட்டத்தின் கடைசி அரை மணி நேரம் அவருடையது.

குவார்டியோலாவும் சின்ன ஸ்குவாட் பிரியர், பெரிய ஸ்குவாட் கொடுத்தால் விலகிவிடுவேன் என்று 2025 மே மாதம் மான்செஸ்டர் சிட்டி மேனேஜராகச் சொன்னவர். ஆடாமல் உட்கார்கிறவர்களின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிப்பதில்லை, அது எனக்குப் புரிகிறது. ஆனால் 2024 செப்டம்பரில் ஆர்சனலுடன் ஆடும்போது சிட்டியின் மிட்ஃபீல்டர் ரோட்ரி முழங்கால் போன பிறகு என்ன ஆனது? அந்த இடத்துக்குப் பட்டியலில் பெயர்கள் இருந்தன. கோவாசிச் இருந்தார், 34 வயதைத் தொட இருந்த குண்டோவான் இருந்தார். எதிரணி பந்தைப் பறித்து ஓடும்போது நடுவில் நின்று அதை நிறுத்துகிறவர் யாரும் இல்லை. எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து தொடர்ந்து ஐந்து தோல்வி, அதற்கு அடுத்த மேட்சில் ஃபெயனூர்டுக்கு எதிராக 3-0 முன்னால் இருந்து 3-3. இங்கே மூன்றாவது பத்தியில் அம்புக்குறியே இல்லை, ஆனாலும் ஓட்டை. அதனால் இரண்டாவது பத்தியில் பெயருக்குப் பக்கத்தில் அவர் செய்யாத வேலை எது என்றும் எழுத வேண்டியிருக்கிறது. அதற்குப் பச்சை மை எடுத்திருக்கிறேன்.

ஹோம் கிரோன் விதியைப் பற்றி, அதாவது உள்ளூர்க் கிளப்புகளில் வளர்ந்தவர்கள் பற்றிய விதியைக் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாக, ப்ரீமியர் லீகில் 25 பேர் பட்டியல், அதில் வெளிநாட்டுக் கிளப்புகளில் வளர்ந்தவர்கள் 17 பேருக்கு மேல் இருக்க முடியாது. 21 வயதுக்குட்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஆகவே மூன்றாவது கோல் கீப்பர் பெரும்பாலும் ஏன் இங்கிலாந்துக்காரராக இருக்கிறார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

நாளைக்கு ரவுண்டப் கண்டிப்பாக வரும். அதற்கு அடுத்து ஆர்சனல் பக்கத்தைப் போடப் போகிறேன். 2025 பிப்ரவரியில் ஹாவெர்ட்ஸ் அடிபட்டு மிட்ஃபீல்டர் மெரீனோவை ஸ்ட்ரைக்கராக நிறுத்தினார்களே, லெஸ்டருக்கு எதிராக அவர் வந்து இரண்டு கோல் போட்டாரே, அதை டெப்த் என்று கொண்டாடியவர்கள் எல்லோரும் அந்த வீடியோவுக்குக் கட்டாயம் வாருங்கள். உங்கள் கிளப் பக்கத்தை நீங்களே போட்டு அனுப்பினாலும் காட்டுகிறேன். லெஃப்ட் பேக்கிலிருந்து ஆரம்பியுங்கள், பெரும்பாலான கிளப்புகளில் முதல் சிவப்பு அங்கேதான் விழும். நோட்டைப் படுக்க வைத்து எழுதுங்கள்.