சுருட்டுப் படையல் வாங்கிய வெள்ளைக்காரப் பேய்! பெயர் தெரியாத சுருட்டை எடைபோடுவது எப்படி?

(திரையில்: பனங்காடு, செம்மணல் தேரி)

1809ஆம் ஆண்டு. திருவிதாங்கூர் எல்லை அரணைப் பிடித்த சண்டையில் படுகாயமடைந்து இறந்தார் கேப்டன் போல் என்ற வெள்ளைக்கார அதிகாரி. அங்கிருந்து ஏறக்குறைய 25 மைல் தள்ளி, ஒரு மணல்காட்டில் அவரைப் புதைத்தார்கள். பிற்பாடு அக்கம்பக்கத்து மக்கள் அவரைப் பேயாக வழிபடத் தொடங்கிவிட்டார்கள். படையல் என்ன தெரியுமா? மதுவும் சுருட்டும்! இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் எழுதிவைத்த செய்தி இது. நான் கட்டிய கதை அல்ல. செத்தவருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் படைத்தார்களே, அந்த மனதுக்காகவே ஒரு லைக் போடலாம்.

வரலாறு ஒரே வரிதான்: ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் 'சுருட்டு'.

விஷயத்துக்கு வருகிறேன். துபாயிலிருந்து வந்த அத்தான் இரண்டு சுருட்டுகளை நீட்டினார். பெயர்ப்பட்டை இல்லை, பெட்டியும் இல்லை. "விலை கூடினது மாப்பிள்ளை" என்றார். கியூபாவா, நிகராகுவாவா? அவருக்கே தெரியாது.

நேராக முக்கூடல் பெரியம்மாவிடம் போனேன். நாளைக்கு ஆயிரம் பீடி என்று நாற்பது வருடம் சுற்றிய கை அது. மடியிலிருந்த தட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சுருட்டை வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக உருட்டிக்கொண்டே போனார். பாதியைத் தாண்டியதும் விரல் நின்றது.

"இந்த இடத்தில் முடிச்சு இருக்கிறதய்யா. இதுவரைக்கும் வந்ததும் இழுக்காது."

பிறகு பற்றவைக்கும் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "உள்ளே தூள் இல்லை, முழு இலை. சுற்றினவன் கைகாரன்தான், அந்த ஒரு இடத்தில்தான் கை தவறியிருக்கிறது."

சுருட்டில் நிரப்பும் இலை, அதைக் கட்டும் இலை, மேலே போர்த்தும் இலை என்று மூன்றும் புகையிலைதான். பீடியில் அப்படி இல்லை. சுற்றியிருப்பது தெண்டு இலை. ஆனால் விரலுக்கு இரண்டும் ஒரே பாடம்தான் போலிருக்கிறது.

அடுத்து மூக்கு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது நவச்சார நெடி, அதாவது அம்மோனியா நெடி கிளம்புமே, அதுபோல அடித்தால் இலை சரியாகப் பதப்படவில்லை என்று பொருள். இதில் அந்த நெடி இல்லை.

வெட்டும்போது சொதப்பினேன். வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் இலைத் தொப்பியில் இரண்டு மில்லிமீட்டர் சீவினால் போதும். நான் பிளேடை ஆழமாக இறக்கியதில் மேல் இலை, கல்யாணப் பந்தியில் வேட்டி அவிழ்வதுபோல அவிழ்ந்தது. எச்சில் தொட்டு ஒட்டினேன். அத்தான் பார்க்கவில்லை.

பற்றவைக்கும் முன் வெறுமனே ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். வெளிநாட்டு விமர்சகர்கள் இங்கேதான் தோல், கோகோ, செடார் மரம் என்று அடுக்குவார்கள். தோல் என்றால் எனக்குப் புதுச் செருப்புதான் ஞாபகம் வருகிறது. அதை எதற்கு வாயில் வைக்க வேண்டும்? நம் நாக்கு எதைத் தின்று வளர்ந்ததோ அதை வைத்துச் சொல்வோம். எனக்கு வந்தது, உடன்குடிக் கருப்பட்டி இருக்கும் ஓலைப்பெட்டியைத் திறந்ததும் வரும் வாசம். இனிப்பு பாதி, காய்ந்த ஓலை பாதி. பற்றவைத்த பிறகு சுக்குக் காபியின் காரம் வந்தது. வாயில் வைத்த புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டேன், நல்லமிளகு! நாக்குக்கு எட்டாத பாதி விஷயத்தை மூக்குதான் பிடிக்கிறது. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும்; அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும்.

புகையை நெஞ்சுக்குள் இழுக்காததால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். நிகோட்டின் வாய் வழியாகவே ஏறும், வாய்ப்புற்றும் வரும். பதினெட்டு நிரம்பாதவர்கள் வீடியோவை இங்கேயே மூடிவிடுங்கள்.

சாம்பல் வெள்ளையாக இருந்தால்தான் நல்ல சுருட்டு என்பதை நான் நம்புவதில்லை. நிறம் மண்ணின் தாதுவைப் பொறுத்தது. உதிராமல் ஓர் அங்குலம் நின்றது, அது போதும்.

பாதி தாண்டியது. இழுத்தேன், வரவில்லை. கன்னம் ஒட்ட இழுத்தும் வரவில்லை. பெரியம்மாவின் விரல் நின்ற அதே இடம்!

இலைக்கு முழு மதிப்பெண், சுற்றிய கைக்கு வெட்டு. பத்துக்கு ஆறு. விலையை அத்தான் சொல்லவில்லை, நல்லது. சொல்லியிருந்தால் ஏழு போட்டிருப்பேன்.

இரண்டாவது சுருட்டு எங்கே என்று கேட்பீர்கள். எங்கள் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் படையலுக்குச் சுருட்டும் உண்டு. பெரியம்மா அதையும் முனைக்கு முனை உருட்டிப் பார்த்தார். விரல் எங்கேயும் நிற்கவில்லை. பேசாமல் முந்தியில் முடிந்துகொண்டார்.

"இது சுடலைக்கு" என்றார்.