முன்னே செல்ல வேகத்தைக் குறைக்கும் இடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1965ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலம் புவியைச் சுற்றத் தொடங்கிய சிறிது நேரத்தில், அதன் தலைவர் ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மை மேலே கொண்டுவந்து விட்டுப் பிரிந்த டைட்டன் ராக்கெட்டின் மேல்பகுதியை நெருங்கிச் செல்ல முயன்றார். அது கண்ணுக்குத் தெரியும் தொலைவில்தான் மிதந்துகொண்டிருந்தது. தேர்ந்த விமானியான அவர், விமானத்தில் செய்வதைப் போலவே கலத்தை அதன் பக்கம் திருப்பி உந்துபொறிகளை இயக்கினார். நெருங்க வேண்டிய பொருள் விலகிப் போயிற்று. மீண்டும் இயக்கினார், மீண்டும் விலகியது. எரிபொருளில் கணிசமான பகுதி தீர்ந்த பின் முயற்சியைக் கைவிட நேர்ந்தது. அவருடைய திறமையில் குறையில்லை; காற்றிலும் தரையிலும் பழகிய திசையறிவு அங்கே செல்லவில்லை. விண்வெளியில் திசையையும் தொலைவையும் வகுப்பது ஈர்ப்புவிசையே என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று நம்புகிறேன்.

விண்வெளியில் ஈர்ப்பு இல்லை என்று படித்தவர்களே சொல்லக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே புவியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் சுமார் 90 விழுக்காடு உண்டு. அப்படியானால் வீரர்கள் ஏன் மிதக்கிறார்கள்? அவர்களும் நிலையமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான். கையிலிருந்து நழுவும் கல் முதல் ஒரு வினாடியில் ஏறக்குறைய 5 மீட்டர் விழுகிறது. புவியின் மேற்பரப்போ, 8 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய அதே 5 மீட்டர் வளைந்து தாழ்கிறது. ஆகவே காற்றின் தடையில்லாத இடத்தில் வினாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் கிடைமட்டமாகச் செல்லும் பொருள், விழுந்துகொண்டே இருந்தாலும் தரையைத் தொடுவதில்லை. அந்த ஓயாத வீழ்ச்சியைத்தான் சுற்றுப்பாதை என்கிறோம்.

இனி மெக்டிவிட்டிடம் திரும்புவோம். உயரம் கூடக்கூடச் சுற்றும் வேகம் குறைகிறது: 400 கிலோமீட்டர் உயரத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்குச் சுமார் 92 நிமிடம். 35,786 கிலோமீட்டர் உயரத்திலோ வினாடிக்கு 3 கிலோமீட்டரை ஒட்டிய வேகம்தான், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். ஒரே பாதையில் நமக்கு முன்னால் செல்லும் கலத்தைப் பிடிக்க எண்ணி முன்னோக்கி உந்தினால், கூடிய வேகம் நம்மை உயர்ந்த பாதைக்கு ஏற்றிவிடுகிறது. அந்தப் பாதை நீளமானது, அதில் சராசரி வேகமும் குறைவு. எனவே நாம் பின்தங்குகிறோம். மாறாக, வேகத்தைக் குறைத்தால் தாழ்ந்த, குறுகிய பாதைக்கு இறங்கி, விரைந்து சுற்றி, முன்னவரை எட்டிவிடுகிறோம். முன், பின் என்ற சொற்களை மேல், கீழ் என்ற சொற்களிலிருந்து அங்கே பிரிக்கவே முடியாது. இதை முதன்முதலில் கணக்காகப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

அந்தப் பாடம் வீணாகவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று, ஜெமினி 6ஏ தாழ்ந்த பாதையில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த ஜெமினி 7க்கு ஓர் அடி தொலைவுவரை நெருங்கியது. நம் இஸ்ரோ 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய ஸ்பேடெக்ஸ் இணைக் கலங்கள், 2025 ஜனவரி 16 அன்று ஒன்றோடொன்று பிணைந்ததும் இதே விதிகளுக்கு உட்பட்டுத்தான்.

தொலைவுக்கும் இதே நிலைதான். நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ஆனால் அந்தப் பாதையில் நிலைபெறவே வினாடிக்கு 7.8 கிலோமீட்டர் அளவில் வேகம் தேவைப்படும்போது, அங்கிருந்து நிலவை நோக்கிப் புறப்பட மேலும் 3 கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய வேகம் போதும். விண்பயணத்தில் எரிபொருளைத் தின்பது கிலோமீட்டர்கள் அல்ல, வேக மாற்றங்கள். அப்போலோ 11 மூன்று நாளில் கடந்த தொலைவைச் சந்திரயான் 3 மூன்று வாரத்தில் கடந்ததன் காரணமும் இதுவே: 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அது, நீள்வட்டப் பாதையில் புவியைச் சுற்றி, புவிக்கு அருகே வரும்போது பொறியை இயக்கி, வேண்டிய வேகத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து உயர்ந்து, ஆகஸ்டு 5 அன்று நிலவைச் சுற்றும் பாதையில் நுழைந்தது.

ஆகஸ்டு 23 அன்று அதன் தரையிறங்கு கலமான விக்ரம் தரையிறங்கத் தொடங்கியபோது, நிலவிலிருந்து 30 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறையக் கிடைமட்டமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த வேகம் இருக்கும்வரை நிலவு அதைத் தன்னைச் சுற்றி விழச் செய்யுமே தவிர, தன்மேல் மெல்ல இறங்க விடாது. பக்கவாட்டு வேகத்தை ஏறத்தாழ முழுமையாக அழித்த பிறகே, கலம் நிமிர்ந்து, தன் நான்கு கால்களையும் நிலவை நோக்கித் திருப்பியது. அந்தக் கணத்தில்தான் விக்ரமுக்குக் கீழ் என்று ஒரு திசை பிறந்தது.