ஸ்பேஸ் கேடட் ஆடினோம், பின்பால் ஆடினோமா?

[திரையில்: விண்டோஸ் எக்ஸ்பி டெஸ்க்டாப். ஸ்டார்ட் மெனு திறக்கிறது. கேம்ஸ். பின்பால்.]

எக்ஸ்பி இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவர்கள் ஸ்பேஸ் கேடட் என்ற இந்தப் பின்பால் ஆட்டத்தை மறந்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் சென்டருக்கு எம்எஸ் ஆபீஸ் படிக்கப் போவோம். சார் அந்தப் பக்கம் திரும்பியதும் இதைத் திறப்போம். குண்டைத் திருப்பி அடிக்கும் துடுப்புக்குப் பெயர் ஃப்ளிப்பர். இசட் தட்டினால் இடது ஃப்ளிப்பர், ஸ்லாஷ் தட்டினால் வலது ஃப்ளிப்பர். ஸ்பேஸ் பாரை அமுக்கிப் பிடித்து விட்டால் குண்டு மேலே பாயும். கேடட்டாகச் சேர்ந்து ஃப்ளீட் அட்மிரல் வரை பதவி உயர்வு வாங்கலாம்.

சரி, எக்ஸ் பட்டன் எதற்கு என்று தெரியுமா? எனக்குப் பல வருஷம் தெரியாது. எக்ஸ் அழுத்தினால் மேஜை இடப்பக்கம் ஒரு தட்டு வாங்கும். முற்றுப்புள்ளி அழுத்தினால் வலப்பக்கம். மேல் அம்புக்குறி அழுத்தினால் கீழேயிருந்து. நிஜ மெஷின் முன்னால் நின்று ஆடுபவர்களுக்கு இந்தத் தட்டுதான் பாதி ஆட்டம். நாம் அந்தப் பாதியைத் தொடாமலே வளர்ந்துவிட்டோம்.

[காட்சி: நிஜ மெஷின், பக்கவாட்டில் இருந்து. கேமரா மெல்லக் கண்ணாடிக்கு மேலே போகிறது.]

நிஜ மெஷின் நான்கு கால் வைத்த ஒரு மரப்பெட்டி, எடை 100 கிலோவுக்கு மேல். உள்ளே இருக்கும் பலகை சுமார் 6.5 டிகிரி சாய்ந்திருக்கும். குண்டு 27 மில்லிமீட்டர் குறுக்களவு, கிட்டத்தட்ட 80 கிராம். கோழி முட்டையை விடச் சின்னது, ஆனால் கையில் வைத்தால் முட்டையை விடக் கனம்.

இதன் மூதாதையை நம்மில் பலர் வீட்டிலேயே ஆடியிருக்கிறோம். ஆணி அடித்த பலகை, ஓரத்தில் ஸ்பிரிங், கோலிக்குண்டு. பேகடெல் என்று பொம்மைக் கடையில் விற்பார்களே, அதே குடும்பம்தான். 1871இல் அமெரிக்காவில் மான்டேகு ரெட்கிரேவ் என்பவர் பேகடெல் பலகைக்குச் செய்த மேம்பாடுகளுக்குக் காப்புரிமை வாங்கினார். குண்டை அடித்துவிடும் ஸ்பிரிங் கம்பி அதில் ஒன்று.

ஃப்ளிப்பர் வந்தது 1947இல்தான். காட்லீப் கம்பெனியின் ஹம்ப்டி டம்ப்டி என்ற மெஷினில். அதுவரை? குண்டை மேலே அனுப்பிய பிறகு ஆட்டக்காரர் கையில் எதுவும் இல்லை. பெட்டியைப் பிடித்து ஆட்டலாம், அவ்வளவுதான். ஆக, தட்டுவது ஃப்ளிப்பரை விடப் பழைய வித்தை. அது ஏமாற்று வேலை என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃப்ளிப்பர் இல்லாத காலத்தில் ஆட்டமே அதுதான்.

[நெருக்கமான காட்சி: பெட்டிக்குள், முன்பக்கத்தில் தொங்கும் சின்ன எடைக்கட்டி.]

இதைப் பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு மாதிரி ஒரு எடை, கம்பியில் தொங்குகிறது. அதைச் சுற்றி ஓர் உலோக வளையம். மெஷினை மெதுவாகத் தட்டினால் எடை ஆடும், வளையத்தைத் தொடாது. ஓங்கித் தள்ளினால் தொட்டுவிடும், மின்சுற்று மூடும். பல மெஷின்கள் முதலில் எச்சரிக்கும். அப்புறமும் தள்ளினால் டில்ட். ஃப்ளிப்பர் செத்துவிடும், குண்டு கண் எதிரே உருண்டு கீழே போகும், நீங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இப்போது குண்டு இரண்டு ஃப்ளிப்பருக்கும் நட்டநடுவே நேராக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஃப்ளிப்பருக்கும் எட்டாது. இங்கே குண்டை நகர்த்த உங்களால் முடியாது. ஆனால் குண்டுக்குக் கீழே இருக்கும் பலகையை நகர்த்த முடியும். உள்ளங்கையால் பெட்டியை ஒரு பக்கமாக ஒரு தள்ளு. ஃப்ளிப்பரின் நுனி குண்டுக்கு அடியில் வந்து நிற்கும். தள்ளு கொஞ்சம் குறைந்தால் பந்து போச்சு, கொஞ்சம் கூடினால் டில்ட். அந்த இடைவெளியைக் கண்ணால் அளக்க முடியாது. தோளும் இடுப்பும்தான் அளக்க வேண்டும்.

டிஜிட்டலில் அந்தத் தள்ளு பெரும்பாலும் ஒரு பட்டன். எப்போது அழுத்தினாலும் அதே அளவு அடி. வீட்டிலேயே டிவி பேனலை வைத்துப் பின்பால் பெட்டி கட்டுகிறவர்கள் அதற்குள் அசைவு உணரும் சென்சார் வைக்கிறார்கள். பெட்டியைத் தள்ளினால் திரைக்குள் மேஜை அசையும். நிஜத்துக்கு மிகப் பக்கத்தில் வருவது இதுதான் என்பது என் கருத்து.

[திரையில்: ஒரு குண்டு, கட்டம் கட்டமாக நகரும் வரைபடம்.]

அடுத்து கணக்கு. நிஜ குண்டுக்கு யாரும் இயற்பியல் சொல்லித்தர வேண்டாம். கம்ப்யூட்டருக்கு எல்லாமே கணக்கு. குண்டு வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைப்போம். வினாடிக்கு 60 முறை மட்டும் கணக்குப் போட்டால், ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே குண்டு 3.3 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். குண்டின் குறுக்களவே 2.7 சென்டிமீட்டர்தான். வழியில் மெல்லிய சுவர் இருந்தால்? முந்தின நொடித்துளியில் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். மோதியதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால்தான் நல்ல பின்பால் மென்பொருள், திரையில் படம் மாறும் வேகத்தை நம்பாமல், உள்ளே வினாடிக்கு ஆயிரம் முறை வரை கணக்குப் போடுகிறது.

குண்டு ஆவி மாதிரி ஊடுருவிப் போவது கற்பனை இல்லை. நம் ஸ்பேஸ் கேடட்டுக்கே அது நடந்தது. விண்டோஸை 64 பிட்டுக்கு மாற்றும்போது, மோதலைக் கண்டுபிடிக்கும் பகுதி வேலை செய்யவில்லை. ஆட்டம் தொடங்கியதும் குண்டு ஸ்பிரிங் கம்பியையே ஊடுருவிக் கீழே இறங்கிப் போய்விடும். வெளியாள் எழுதிய பழைய கோட், விளக்கக் குறிப்பும் இல்லை. எங்கே பிழை என்று பிடிபடாமல் விட்டுவிட்டோம் என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் பின்னாளில் எழுதினார். விண்டோஸின் அடுத்த பதிப்பான விஸ்டாவில் அந்த ஆட்டம் காணாமல் போனதற்கு அவர் சொன்ன காரணம் இதுதான்.

[காட்சி: ஃப்ளிப்பரின் அடிப்பக்கம், செம்புக்கம்பிச் சுருள்.]

ஆனால் எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது கணக்கு இல்லை. ஒரே பெயர், ஒரே வருஷத் தயாரிப்பு என்றாலும், இரண்டு நிஜ மெஷின்கள் ஒரே மாதிரி ஆடாது. ஃப்ளிப்பரை அடிப்பது இந்தச் சுருள். நெடுநேரம் ஆடினால் சூடேறும், சூடேறினால் மின்தடை கூடும், அடி தளரும். சாயங்காலம் ஏறிய சரிவில் இரவு குண்டு ஏறாமல் பாதியில் திரும்பும். ரப்பர் வளையம் நாளாக நாளாக இறுகும். பலகைக்கு மெழுகு பூசினால் குண்டு வழுக்கிக்கொண்டு ஓடும். தரை கொஞ்சம் கோணலாக இருந்தால் அதுவும் ஆட்டத்தில் தெரியும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சம்பவம். நியூயார்க் நகரில் 1942 முதல் பின்பாலுக்குத் தடை. சூதாட்டம் என்று சொல்லி மெஷின்களைப் பறிமுதல் செய்தார்கள். 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நகர சபை உறுப்பினர்கள் முன்னால் ஆடிக் காட்டினார், இது அதிர்ஷ்டம் இல்லை, திறமை என்று நிரூபிக்க. அவர் தயாராக இருந்தது ஒரு மெஷினில். அதில் ஏதோ தகிடுதத்தம் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, பக்கத்தில் இருந்த மாற்று மெஷினில் ஆடச் சொன்னார்கள். பழகாத மெஷின். ஷார்ப் ஸ்பிரிங் கம்பியை இழுத்துப் பிடித்து, குண்டு நடுப் பாதையில் இறங்கும் என்று முன்கூட்டியே சொன்னார். இறங்கியது. தடை போனது. டிஜிட்டலில் ‘மாற்று மெஷின்’ என்று ஒன்றே கிடையாது. மதுரையில் திறந்தாலும் டொராண்டோவில் திறந்தாலும் அதே மேஜை, அதே ரப்பர்.

[காட்சி: தி ஆடம்ஸ் ஃபேமிலி மெஷின். பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வருகிறது.]

1992இல் வந்த தி ஆடம்ஸ் ஃபேமிலி. 20,270 மெஷின் விற்றது. பலகைக்கு அடியில் காந்தங்கள் குண்டை இழுத்து அலைக்கழிக்கும். பெட்டியைத் திறந்துகொண்டு ஒரு கை வந்து குண்டைத் தூக்கிப்போகும். இதில் நான் மிகவும் ரசிப்பது வேறு. ஒரு கட்டத்தில் மெஷின் தானே ஒரு ஃப்ளிப்பரை அடித்துக் குறி பார்க்கும். தவறினால், அடிக்கும் நேரத்தைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு அடுத்த முறை முயலும். தன் உடம்பு தளர்வது அதற்குத் தெரியும், அதற்கேற்ப மாறிக்கொள்ளும்.

இன்று அதே மெஷினைக் கம்ப்யூட்டரில் ஆடலாம். பின்மேம் என்ற மென்பொருள், நிஜ மெஷினின் சிப்பில் இருந்த அசல் புரோகிராமையே ஓட்டுகிறது. மதிப்பெண், விதிகள், குரல், எல்லாம் அசல். அந்தத் திருத்திக்கொள்ளும் பகுதியும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தேய்மானமே இல்லாத ஒரு ஃப்ளிப்பருக்காக.

இதற்காகவே டிஜிட்டலை நான் மட்டம் தட்ட மாட்டேன். ஆடம்ஸ் ஃபேமிலியைப் பாலி என்ற பெயரில் விற்ற வில்லியம்ஸ் கம்பெனி 1999இல் பின்பால் தயாரிப்பையே மூடிவிட்டது. மிச்சமிருக்கும் மெஷின்கள் கடல் தாண்டி எங்கோ இருக்கின்றன. ஒரு மேஜையின் விதிகளை நிதானமாகப் படிக்கவும், எந்தப் பாதையை எப்போது அடிக்க வேண்டும் என்று பழகவும் நமக்கு வழி இதுதான். ஆனால் அதுவும் நிரந்தரம் இல்லை. பின்பால் ஆர்கேட் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தில் வில்லியம்ஸ், பாலி மேஜைகள் பல இருந்தன. 2018 ஜூன் 30உடன் உரிமம் முடிந்தது, அதன்பின் புதிதாக யாரும் வாங்க முடியவில்லை. உரிமம் போனது ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் இருக்கும் ஜென் ஸ்டூடியோஸுக்கு. அதே ஊரில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் பின்பால் அருங்காட்சியகமும் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டினால் உள்ளே மெஷின்களில் ஆடிக்கொண்டே இருக்கலாம்.

[காட்சி: இரண்டு கைகள், பெட்டியின் இரு பக்கமும்.]

என்றாவது ஒரு நிஜ மெஷின் முன்னால் நிற்கக் கிடைத்தால், முதல் பந்தில் மதிப்பெண் எடுக்கப் பார்க்காதீர்கள். இரண்டு உள்ளங்கையையும் பெட்டியில் பதியுங்கள். மெதுவாகத் தள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். எச்சரிக்கை வரும் வரை, டில்ட் ஆகும் வரை தள்ளிப் பாருங்கள். அந்த ஒரு பந்து போனால் போகட்டும். அந்த மெஷின் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொண்டு இரண்டாவது பந்தை இழுத்து விடுங்கள்.