எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

அனைவருக்கும் வணக்கம். பேராசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், விடுதிக் காப்பாளர்கள் எல்லாரும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க நிறைவாக இருக்கிறது. மாணவர் நலன் என்று நாம் பேசுவதில் பாதி, அலுவலக ஜன்னலில்தான் நடக்கிறது.

1988. நான் பி.எஸ்சி. முதலாண்டு. இயற்பியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அலுவலகத்திலிருந்து ஒருவர் பட்டியலோடு வந்து, வாசலில் நின்றபடியே, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்க" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான். ஐந்து பேர் எழுந்தார்கள். ஆறாவது ஆள் நான். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவனும் நானும் தினமும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவோம். நாளைக்கும் சாப்பிடுவானா என்பதுதான் பயம். அந்த வருடம் எனக்கு உதவித்தொகை வரவில்லை. அப்பா செங்கல் சூளையில் முன்பணம் வாங்கித் தேர்வுக் கட்டணம் கட்டினார். அதை உழைத்துக் கழிக்க அவருக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் கொண்டுவந்த சமத்துவ விதிமுறைகளைப் படித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். வகுப்பில் மாணவர்களின் சாதியை அறிவிப்பது, இட ஒதுக்கீட்டில் வந்தவர்கள் என்று முத்திரை குத்துவது, இரண்டுமே பாகுபாடு என்று எழுதியிருந்தது. என் வகுப்பறையைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

இன்றைக்கு யாரும் அப்படிச் சத்தம் போடுவதில்லை என்பீர்கள். சரி. வாட்ஸ்அப் குழு? உதவித்தொகைக்கு இன்னும் விண்ணப்பிக்காதவர்களின் பட்டியலை, பெயருக்குப் பக்கத்தில் சாதிப் பிரிவையும் சேர்த்து, வகுப்புக் குழுவில் அப்படியே போட்டுவிடுகிறோம். வாசலில் நின்று சொன்னால் அறுபது பேர் காதோடு போயிற்று. இது ஒவ்வொருவர் போனிலும் தங்கிவிடுகிறது.

இது சாதியோடு நிற்கிற விஷயமும் இல்லை. பார்வையற்ற மாணவி ஒருவர் என்னிடம் போனை நீட்டி, "கேட்டுப் பாருங்க சார்" என்றார். ஆசிரியர் அனுப்பிய பாடக்குறிப்பு அது. புத்தகத்தைப் போட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக்கியிருக்கிறார். திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பக்க எண்ணைச் சொன்னது, அப்புறம் ஒன்றுமே இல்லை. நமக்கு எழுத்தாகத் தெரிவது அதற்கு வெறும் படம். "சார்கிட்ட சொன்னியாம்மா?" என்றேன். "ரெண்டு தடவை சொன்னேன் சார். மூணாவது தடவை கேக்க ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்குகிறது. அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது. பாடம் கிடைக்கவில்லை. தேர்வில் தான் சொல்லச் சொல்ல எழுதித் தர ஓர் எழுத்தர் வைத்துக்கொண்டால் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். இதை யார் அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்கிறார்கள்? பல இடங்களில் அந்த மாணவிதான், தேர்வு நாள் காலையில், கெஞ்சாத குறையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது நம் வேலை. முந்தின வாரமே முடிந்திருக்க வேண்டிய வேலை.

மாணவர்களின் மனநலம் பற்றி 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் தந்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும். நியமியுங்கள். ஆனால் அந்த அறையை முதல்வர் அறைக்கு எதிரே வைத்துப் பெரிதாகப் பலகை மாட்டினால் யார் உள்ளே போவார்கள்?

எங்கள் கல்லூரியில் செய்தது சின்ன விஷயம்தான். வராந்தா ஜன்னலில் இருந்த உதவித்தொகைப் பிரிவை, கதவு உள்ள ஒரு அறைக்கு மாற்றினோம். எதிரே ஒரு நாற்காலி போட்டோம். பட்டியலை எங்கேயும் ஒட்டுவதில்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி போகிறது. முதல் வாரத்தில் முதலாண்டுப் பையன் ஒருவன் வந்தான். கதவைச் சாத்தினான், உட்கார்ந்தான். உதவித்தொகை பற்றி அவன் கேட்கவே இல்லை. "மெஸ் பீஸ் கட்டலைன்னா பரீட்சை எழுத விடுவாங்களா சார்?" என்றான். இரண்டு மாதமாக அந்தக் கேள்வியோடுதான் வகுப்பில் உட்கார்ந்திருந்திருக்கிறான்.