கறுப்பாக இல்லாத மெலனோமா

நேயர்களுக்கு வணக்கம். நான் நோய்க்குறியியல் மருத்துவர். அறுத்து அனுப்பும் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்வது என் வேலை. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் சுலபமாகப் பிடிபடாத வகைகளைப் பற்றி இன்று பேசுகிறேன்.

மெலனோமா என்றதும் ஓரம் கோணலாகி, நிறம் மாறி, பெரிதாகும் மச்சம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயில் படும் இடத்தில் வருவதற்கு அந்த அடையாளங்கள் நன்றாகப் பொருந்தும். நம்மைப் போன்ற கருந்தோல்காரர்களுக்கு மெலனோமா வருவதே அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வருகிறது. அரிதானது என்பதாலேயே அது யாருக்கும் முதலில் தோன்றுவதில்லை. ஆறாத புண்ணா, சர்க்கரைப் புண். தடிப்பா, கால் ஆணி. இப்படியே மாதங்கள் ஓடிவிடும். பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டது இந்த வகைதான். கால்பந்து ஆடிப் பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1981-இல், 36 வயதில் இறந்தார்.

நகத்தில் கோடு கோடாகக் கருமை நம்மில் நிறையப் பேருக்கு இயல்பாகவே உண்டு, பயப்பட வேண்டாம். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர நுனிப்பக்கம் நகர்ந்துவிடும். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும், அதனால் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். ஒரே விரலில் புதிதாக வந்த கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, கருமை நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலில் இறங்கினாலோ உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதைவிடச் சிக்கலானது நிறமே இல்லாத மெலனோமா. இளஞ்சிவப்பாக, தொட்டால் ரத்தம் கசியும் சின்னக் கட்டி. சாதாரண சதை வளர்ச்சி என்று எண்ணிச் சுட்டு எடுத்து, குப்பையில் போட்டுவிடுவதும் நடக்கிறது. எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான். கருகிப்போன திசுவில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. மெலனோமா எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த சிகிச்சையே முடிவாகும். மேலோட்டமாகச் சீவி எடுத்தால் அந்தக் கணக்கும் போய்விடும்.

முழுதாக வந்தாலும் கண்டுபிடிப்பது லேசில்லை. நிறமி இல்லாத செல்கள் நிணநீர்ப் புற்று போலவும் தசைப் புற்று போலவும் தோன்றும். டெஸ்மோபிளாஸ்டிக் என்றொரு வகை, பார்க்கப் பழைய தழும்பு மாதிரியே இருக்கும். மெலனோமாவுக்கு வழக்கமாகப் போடும் மெலன்-ஏ, எச்எம்பி-45 சாயங்கள் அதில் பெரும்பாலும் ஏறாது. எஸ்100, சாக்ஸ்10 சாயங்கள்தான் காட்டிக்கொடுக்கும். அதையும் போட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்ற வேண்டுமே! திசுவோடு வரும் படிவத்தில் ‘கால் கட்டி’ என்று மட்டும் இருந்தால் எப்படித் தோன்றும்? எந்த விரல், எத்தனை மாதமாக, முன்பு அறுத்து மறுபடி வளர்ந்ததா என்று எழுதியிருந்தால் எங்கள் யோசனையே வேறு திசையில் போகும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உடம்பிலிருந்து எதை எடுத்தாலும், ‘பயாப்ஸிக்கு அனுப்புகிறீர்களா டாக்டர்?’ என்று கேளுங்கள். அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். மெழுகில் பதித்த அந்தத் திசு ஆய்வகத்தில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் அதைக் கேட்டு வாங்கி வேறொரு நிபுணரிடம் காட்டலாம்.