அப்பாயியின் சேலை

நடுவர் ஐயாவுக்கும் ஹட்டன் சபைக்கும் வணக்கம்.

போன் காலத்தில நம்ம உரிமையைக் காக்கிறது அரசியலமைப்பா, தனித்தனிச் சட்டங்களா? அரசியலமைப்புதான்னு பேச வந்திருக்கேன். ஆனா எதிரணித் தம்பி ஒன்னு கேட்டாரு: "தேயிலைத் தோட்டத்துல பத்தடிக் காம்பரா அறையில எட்டுப் பேரு கெடந்த சனத்துக்கு அந்தரங்கம் எதுக்கு? ஒளிக்க என்ன இருக்கு?" சபையே கைதட்டுச்சு. அதுக்குப் பதில் சொல்லாம என்னால நகர முடியாது.

எங்க காம்பராவிலயும் எட்டுப் பேருதான் தம்பி. நடுவுல கயித்தில அப்பாயியோட பழைய சேலை தொங்கும். அக்கா உடுப்பு மாத்தணும்னா அதை இழுத்து விடும். அவ்வளவுதான்! மழையில தொப்பலா நனைஞ்சு வந்த அப்பா வாசல்லயே நிப்பாரு. நடுங்குவாரு, உள்ள வரமாட்டாரு. ஒரு இருமல் இருமுவாரு. "ஆச்சுப்பா"ன்னு குரல் வரணும். அப்புறந்தான் கால் உள்ள வரும். சொந்த வீடு, சொந்த மகள், ஆனாலும் இருமிட்டுத்தான் வருவாரு ஐயா! ஒருநாள் நாலு வயசுத் தம்பி அந்தச் சேலையை விலக்கிட்டான். மலையிலிருந்து வந்த அப்பாயி கூடையை இறக்கி வச்ச கையோட முதுகில வச்சா ஒன்னு! "துணின்னா நெனச்ச? செவுருடா அது!"

ஒளிக்க எங்ககிட்ட ஒன்னுமில்ல. ஆனா செவுரு இருந்துச்சு.

இன்னைக்கு அக்கா போனுக்குள்ள அவ படம், மருந்துச் சீட்டு, பேங்க் கணக்கு எல்லாம் கெடக்கு. அந்தச் செவுரு எங்க? நம்ம இலங்கையோட 1978 அரசியலமைப்பு வளரக்கூடியதுதான். 2015ல 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையைச் சேர்த்துச்சு. ஆனா அந்தரங்கம் இன்னும் ஒரு தனி அடிப்படை உரிமையா எழுதப்படல. இந்தியாவில 2017ல 9 நீதிபதிகள் சேர்ந்து அதை அடிப்படை உரிமைன்னு சொல்லிட்டாங்க. 2022ல நம்ம நாட்டுல வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்லதுதான். ஆனா அரசியலமைப்பில கை வைக்கப் பாராளுமன்றத்தில மூணில ரெண்டு பங்கு வேணும். சாதாரணச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையே மாத்திடும். சட்டமானதுக்கு அப்புறம் அது செல்லுமான்னு நீதிமன்றமும் கேட்க முடியாது.

சாதாரணச் சட்டம் என்ன செய்யும்னு நமக்கா தெரியாது? 1948ல 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். இந்த மண்ணில பொறந்து, இந்த மலையில கொழுந்தெடுத்த அப்பாயி அந்த ஒரு சட்டத்தால நாடில்லாதவளா ஆனா. அவ பேரு தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோல்ல இருந்துச்சு, வாக்காளர் இடாப்புல இல்ல. 2003ல குடியுரிமை குடுத்த சட்டம் வந்தப்போ அவ இல்ல ஐயா.

டிரங்குப் பெட்டியில இந்தச் சேலைதான் மிஞ்சுச்சு. ஓரம் கிழிஞ்சிருக்கு. என் மகளுக்காகக் கொண்டாந்திருக்கேன். உங்க மேசையில வைக்கிறேன், தொட்டுப் பாருங்க.

வணக்கம்.